ஆடம்பரமா, பகட்டா, பந்தாவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில் பல வருடமாகப் பிழை திருத்துகிறேன். காதணி விழா, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா, அறுபதாம் கல்யாணம், கடைத் திறப்பு என்று எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். "இதுக்கு என்ன வார்த்தை போடலாம் சார்?" என்று வந்து நிற்கிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சேர்ந்தவை இந்தப் பதில்கள்.

ஆடம்பரம், பகட்டு, படாடோபம், டாம்பீகம், பந்தா எல்லாம் ஒரே அர்த்தம்தானே?

அகராதியைத் திறந்தால் அப்படித்தான் தோன்றும். ஒன்றைத் தேடிப் போனால் இன்னொன்றில் கொண்டுபோய் விடும். பேச்சில் அப்படியில்லை. ஆடம்பரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது செலவு, அதுவும் தேவைக்கு மேலே போன செலவு. பகட்டு கண்ணில் படுவது: சேலையின் நிறம், வீட்டு முகப்பு, பேச்சின் மினுமினுப்பு. படாடோபம் ஏற்பாட்டின் அளவைப் பற்றியது. இருபது பேர் வரப்போகும் கூட்டத்துக்கு நூறடி மேடை போட்டால் அது படாடோபம். டாம்பீகத்தில் கொஞ்சம் பொய் கலந்திருக்கும், இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. பந்தாவுக்குக் காசே வேண்டாம், நடையும் முகமும் போதும்.

ஆனால் இந்த வேறுபாடுகளை விடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. ஒரு காதுகுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்மாமன் சீர் வருகிறது. முன்னால் செண்டை மேளம், அடுத்து ஐம்பத்தொரு தட்டு, தட்டுகளுக்குப் பின்னால் மாலை போட்ட கிடாய், கடைசியில் திறந்த ஜீப்பில் மாமன். குழந்தையின் அம்மா சொல்கிறாள்: "எங்கண்ணன் அமர்க்களப்படுத்திருச்சு." மாமனின் மனைவி, "கொஞ்சம் தடபுடலாப் போச்சு" என்கிறாள். அடகுக்குப் போனது அவள் வளையல். எதிர்வீட்டுக்காரர், "எதுக்கு இவ்வளவு ஆடம்பரம்?" குழந்தையின் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஒரே வார்த்தை: "பந்தா."

ஊர்வலம் ஒன்றுதான். சொன்னவர் யார் என்று தெரிந்தால் எந்த வார்த்தை வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். நம் வீட்டு விசேஷம் விமரிசையாக நடக்கும், அடுத்த வீட்டில்தான் ஆடம்பரம் நடக்கும். கீழே வரும் பதில்கள் பலவற்றிலும் இதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

படாடோபமா, படோடோபமா?

படாடோபம். பத்தில் ஏழெட்டுப் பேர் படோடோபம் என்றுதான் எழுதித் தருகிறார்கள், நானும் திருத்திக்கொண்டே இருக்கிறேன். இந்தச் சொல்லின் கதை தெரிந்தால் எழுத்து மறக்காது. வடமொழியில் 'ஃபடா' என்றால் பாம்பின் படம். 'ஆடோபம்' என்றால் விரிந்து புடைப்பது. இரண்டும் சேர்ந்தால் பாம்பு படம் விரித்து நிற்கும் கோலம்.

பஞ்சதந்திரத்தில் இதைப் பற்றி ஒரு சுலோகம் உண்டு. விஷமில்லாத பாம்பாக இருந்தாலும் படத்தைப் பெரிதாக விரித்தாக வேண்டும். விஷம் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், விரிந்த படமே பயமுறுத்தும் என்பது அதன் கருத்து. 'படாடோபம் பயங்கரம்' என்ற அந்த முடிவில் நம் சொல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நூறடி மேடைக்காரர் இதைத்தான் செய்கிறார். கடியில் நம்பிக்கை இல்லை, படத்தில் நம்பிக்கை இருக்கிறது.

"ரொம்பப் படம் காட்டாதே" என்று நாம் திட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது சினிமாப் படம். ஆனாலும் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருப்பதைப் பார்த்துச் சிரிக்கத்தான் தோன்றுகிறது.

ஆடம்பரம் எங்கிருந்து வந்தது?

இதுவும் வடமொழிதான். இன்று நமக்கு ஆடம்பரம் என்றால் பளிங்குத் தரையும் பெரிய காரும். அந்தச் சொல்லின் பழைய பொருள் ஒரு முரசு. முரசின் ஓசை, போருக்குக் கிளம்பும் எக்காளம், யானையின் பிளிறல் எல்லாவற்றையும் அது குறித்தது. அதாவது ஆடம்பரம் கண்ணுக்கு வருமுன் காதுக்கு வந்தது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு மற்ற சொற்களைத் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டன. கோலாகலம் என்பது வடமொழியில் கூச்சல், இரைச்சல். ஆரவாரம் அப்பட்டமான சத்தம். ஆர்ப்பாட்டம் 'ஆர்ப்பு' என்ற முழக்கத்திலிருந்து வருவது. தம்பட்டம் பறையில் ஒரு வகை, இன்று அதை வாயாலேயே அடிக்கிறோம். அமர்க்களத்தைப் பிரித்தால் அமர் என்றால் போர், ஆக அது போர்க்களம். அக்கா பெண் கல்யாணத்தை அமர்க்களமாக நடத்தினோம் என்று சொல்லும்போது யாருக்கும் வாள் நினைவுக்கு வருவதில்லை. சில கல்யாணங்களில் பந்தி முடிவதற்குள் பழைய பொருளுக்கே போய்விடுவதும் உண்டு.

ஏன் இத்தனை சத்தம்? என் ஊகம் இது. பட்டு உடுத்திக்கொண்டால் தெருவில் நிற்பவருக்கு மட்டும் தெரியும். மேளம் வைத்தால் அடுத்த ஊருக்கும் தெரியும். கல்யாண மண்டபத்து வாசலில் ஸ்பீக்கர் கட்டுகிறவருக்கு இது நன்றாகவே தெரியும்.

ஆர்ப்பாட்டம் என்றால் இப்போது போராட்டம் அல்லவா?

பெரும்பாலும் ஆமாம். 'கண்டன ஆர்ப்பாட்டம்' போஸ்டர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டன. பழைய பொருள் எதிர்மறையில் பிழைத்துக் கிடக்கிறது. "ஆர்ப்பாட்டம் இல்லாத மனுஷன்" என்றால் மறியலுக்குப் போகாதவர் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை.

சரி, கண்ணுக்கான சொற்கள் எவை?

பகட்டு, மினுக்கு, தளுக்கு, ஜிகினா. பகட்டுக்குப் பழைய வழக்கில் மயக்குதல், மினுக்கிக் காட்டி ஏமாற்றுதல் என்ற பொருளும் இருந்தது. இன்றும் அதன் நிழல் போகவில்லை. "பகட்டான பேச்சு" என்று யாராவது சொன்னால், கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதே என்று அர்த்தம். ஜிகினா பாவம், உண்மையிலேயே ஒரு பொருள். கூத்துக்காரர்கள் கிரீடத்தில் ஒட்டும் பளபளப்புத் தாள், திருவிழாத் தோரணத்தில் தொங்குவது. எங்கள் தொழிலிலும் ஜிகினா வேலை உண்டு, பத்திரிகைப் பிள்ளையார் தலையைச் சுற்றித் தூவுவார்கள். தூவிய பத்திரிகைகளைக் கட்டிக் கொடுத்த அன்று என் சோற்றில்கூட அது மின்னும்.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. பெண் அலங்கரித்துக்கொண்டால் மினுக்கி, மேனாமினுக்கி, தளுக்கு, குலுக்கு என்று வரிசையாக வந்துவிடும். ஆண் அதே நேரம் கண்ணாடி முன் நின்றால் மிடுக்கு, தோரணை, கம்பீரம். மேனாமினுக்கிக்கு ஆண்பால் தேடினேன். 'மைனர்' என்ற சொல்தான் பக்கத்தில் வருகிறது, அதிலும் பாதி பொறாமை.

சொகுசும் ஆடம்பரமும் ஒன்றா?

இல்லை. சொகுசு உடம்புக்கு, ஆடம்பரம் ஊருக்கு. மெத்தென்ற நாற்காலியில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாலும் சொகுசு சொகுசுதான். பார்க்க ஆள் இல்லாவிட்டால் ஆடம்பரம் பாதி செத்துவிடும். அதனால்தான் விளம்பரங்களில் சொகுசுக் கார், சொகுசு விடுதி என்றே எழுதுகிறார்கள். ஆடம்பரம் என்ற சொல் செய்தியில் திட்டாகவும் வருகிறது. சொகுசு விற்பனைக்கு உதவும். உள்ளே ஒற்றைக்காலில் நின்றாலும் அது சொகுசுப் பேருந்துதான்.

பந்தா, சீன், ஜம்பம், உதார்: எதற்கு எந்த வினை வரும்?

வேற்றூரில் வளர்ந்த பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பந்தா பண்ணலாம், காட்டலாம், விடவும் விடலாம். சீன் போடத்தான் வேண்டும். பிலிம் காட்டுவது. பில்டப் கொடுப்பது. ஜம்பம் அடிப்பது. உதார் விடுவது. தம்பட்டமும் அடிப்பதுதான். பீற்றல் மட்டும் தன்னோடு ஒட்டிக்கொள்ளும்: பீற்றிக்கொள்வது, பேச்சில் பீத்திக்கிறது. "பந்தா அடிக்கிறான்" என்றும் சிலர் சொல்கிறார்கள், என் காதுக்கு ஒட்டவில்லை.

பொருளில், ஜம்பமும் உதாரும் வாயோடு நிற்பவை. ஜம்பத்துக்கு முடிவும் மொழியிலேயே தயாராக இருக்கிறது: "உன் ஜம்பம் இங்கே பலிக்காது." வேறு எந்தச் சொல்லுக்கும் இவ்வளவு பொருத்தமான எதிரடி கிடையாது. சீனுக்குப் பார்வையாளர் வேண்டும். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் போனைக் காதில் வைத்து, "அந்த அம்பது லட்சத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பது சீன். பந்தாவில் கொஞ்சம் அதிகாரம் கலந்திருக்கும். வரவேற்பில் நிற்கிறவர் வணக்கம் வைத்தால் பார்க்காதது போலப் போவது பந்தா. ஒரு பைசா செலவில்லை, ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் வலிக்கும்.

டாம்பீகம் என்று பாட்டிகள் சொல்வார்களே, அது என்ன?

அதன் வேர் 'தம்பம்'. வடமொழியில் முதன்மையாகப் போலித்தனம், குறிப்பாகப் பக்தியிலும் ஒழுக்கத்திலும் போலி. பகவத் கீதையின் 16ஆம் அத்தியாயத்தில் அசுர குணங்களை வரிசைப்படுத்தும்போது முதலில் நிற்பது தம்பம்தான், கோபம்கூடப் பின்னால்தான் வருகிறது. டம்பமும் அதே வேர்தான். ஆக, கடன் வாங்கிக் கார் வாங்கியவரை விட, நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வட்டி வசூலிக்கப் போகிறவருக்கே இந்தச் சொல் சரியாகப் பொருந்தும். பாட்டிகள் சரியான ஆளுக்குத்தான் பயன்படுத்தினார்கள்.

ஜபர்தஸ்து, ஷோக்கு, ஜோர் எல்லாம் உருதுவா?

பாரசீக, அரபு வழியாக வந்தவை. ஜபர்தஸ்தில் 'ஜபர்' மேலே, 'தஸ்து' கை. மேல்கை, அதாவது பலம். நம்மிடம் வந்து அதிகாரத் தோரணை ஆகிவிட்டது. ஷோக்கு ஆசை, விருப்பம் என்ற பொருளில் கிளம்பி இங்கே உடுப்பு அலங்காரமாக முடிந்தது. சென்னையில் அது "சோக்காகீது" என்று வாழ்த்தாகவே மாறிவிட்டது. ஜோரும் பலம்தான், இன்று பலகாரத்துக்கும் சொல்கிறோம்.

கெத்து திட்டா, பாராட்டா?

இளைஞர்கள் வாயில் பாராட்டு. "கெத்தா இருந்தான்" என்றால் நிமிர்ந்து நின்றான். "ஓவரா கெத்து காட்டுறான்" என்றால் பந்தாவின் தம்பி. மாஸும் அப்படித்தான்.

கெத்துக்கு மூத்த சொல் ஒன்று நம்மிடம் உண்டு, பெருமிதம். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று அது. எதனால் பெருமிதம் வரும் என்றும் அங்கேயே கணக்கு இருக்கிறது: கல்வி, தறுகண், இசைமை, கொடை. படிப்பு, அஞ்சாமை, புகழ், கொடுப்பது என்ற நாலு. அந்தப் பட்டியலில் பொன்னும் இல்லை, பொருளும் இல்லை. கொடுத்தால்தான் பெருமிதம், வைத்திருந்தால் கிடையாது. இதைப் பிறந்தநாள் பேனர் அடிக்க வருகிறவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் சரி, போட்டோவைக் கொஞ்சம் பெருசாப் போடுங்க" என்றார்.

இலங்கைத் தமிழில் எப்படிச் சொல்வார்கள்?

யாழ்ப்பாணத்தில் 'எடுப்பு' என்ற சொல்லைக் கேட்கலாம். "அவருக்கு இப்ப சரியான எடுப்பு" என்றால் தலைக்கனம், பகட்டு இரண்டும். தமிழ்நாட்டில் அதே சொல் பாராட்டு: "இந்தக் கலர் உனக்கு எடுப்பா இருக்கு." இரண்டு ஊர்க்காரர்கள் சம்பந்தம் பேசும்போது இந்த ஒரு சொல்லில் கல்யாணமே நின்றுபோகும் வாய்ப்பு உண்டு. அலட்டலும் அப்படி இடம் மாறும். நமக்கு அது பந்தாவின் உறவு, அங்கே "அலட்டாதே" என்றால் பிதற்றாதே. நம்மிடமே "அலட்டிக்காம வேலையை முடிச்சான்" என்றால் முழுப் பாராட்டு.

இதைப் பற்றிப் பழமொழி ஏதாவது?

நிறைய. குறைகுடம் கூத்தாடும், விரலுக்குத் தகுந்த வீக்கம், கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை. 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' நம் ஊர்ச் சரக்கு இல்லை, ஆங்கிலத்திலிருந்து வந்து குடியேறியது. குறளில் கேட்டால், "அளவறிந்து வாழாதான் வாழ்க்கை உளபோல இல்லாகித் தோன்றாக் கெடும்" என்பதை எடுத்துக் கொடுப்பேன். 'உளபோல', அதாவது இருப்பது போல. டாம்பீகத்துக்கு இதை விடச் சிறிய விளக்கம் கிடையாது.

ஆனால் எல்லோரும் கேட்பது ஒரே பழமொழியைத்தான்: அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, நடுராத்திரியில் குடை எதற்கு? ரிசப்ஷனில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு மேடையேறும் மாப்பிள்ளைத் தோழனைப் பார்க்கும்போது எனக்கும் இது வாய் வரைக்கும் வரும்.

வந்ததும் நிறுத்திக்கொள்வேன். குடை வெறும் குடையாக இருக்கவில்லை. அரசனுக்கு வெண்கொற்றக்குடை. குடை பிடிப்பது பதவி, உரிமை. தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், 19ஆம் நூற்றாண்டிலும் நாடார் முதலிய சமூகத்தார் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பொன் நகை போடக் கூடாது. பெண்கள் மார்பை மறைத்து மேலாடை போடக்கூடப் போராட வேண்டியிருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று நாம் படிப்பது அதைத்தான், அதற்கான அரசாணை 1859இல் வந்தது. பகலில் பிடிக்க விடாமல் தடுத்தால், கையில் குடை கிடைத்த அன்றைக்கு ராத்திரியிலாவது பிடித்துப் பார்க்க மாட்டானா? இந்தப் பழமொழியை முதலில் சொன்னவர் வீட்டில் ஏற்கெனவே குடை இருந்திருக்கும். காதுகுத்து வீட்டு அத்தையின் "பந்தா" மாதிரிதான் இதுவும்.

'ஆடம்பரத் திருமணம்' என்ற தொடர் எப்படி இவ்வளவு பிரபலமானது?

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு அந்தத் தொடர் ஒரு தேதியோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். 1995 செப்டம்பர் 7, சென்னையில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விருந்தினர் என்று கின்னஸில் ஏறியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் எதிர்க்கட்சி மேடைகள் அதைப் பேசின, பிற்பாடு சொத்துக்குவிப்பு வழக்கிலும் அந்தக் கல்யாணச் செலவு ஒரு கணக்காக வந்தது. சொற்களைப் பொறுத்தவரை இதிலும் பழைய கதைதான்: ஒரு தரப்புக்குக் கோலாகலம், இன்னொரு தரப்புக்கு ஆடம்பரம்.

பத்திரிகையில் எந்தச் சொல்லைப் போடுவது?

கோயில் விழாவுக்கு 'வெகு விமரிசையாக' போடுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். 'கோலாகலமாக' தேரோட்டத்துக்கும் பொருட்காட்சிக்கும் ஏற்றது. தடபுடல் விருந்துக்குச் சரி, ஆனால் பேச்சில் மட்டும். அச்சில் ஏறினால் நீங்களே உங்களைக் கிண்டல் செய்துகொள்வது போல இருக்கும். 'சிறப்பாக' எந்த நாளும் காப்பாற்றும். ஆடம்பரம் என்ற சொல்லைத் தன் வீட்டுப் பத்திரிகைக்குக் கேட்டு வந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆடம்பரத்துக்கு எதிர்ச்சொல் என்ன?

எளிமை. பணத்தில் பார்த்தால் சிக்கனம், குணத்தில் பார்த்தால் அடக்கம். எளிமைக்கு இன்று நல்ல கிராக்கி. போன வருடம் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். "எளிய முறையில் நடைபெறும்" என்ற வரி கட்டாயம் வேண்டும் என்றார். போட்டுக் கொடுத்தேன். புரூஃபைப் பார்த்துவிட்டு, மற்ற வரியெல்லாம் சாதா மையில் இருக்கட்டும், அந்த ஒரு வரியை மட்டும் கோல்டு ஃபாயிலில் போட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். எழுத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மயில் வந்தால் நன்றாயிருக்கும் என்றார். அதற்குத் தனி அச்சுக்கட்டை செய்ய வேண்டும், செலவு கூடும் என்றேன். "பரவாயில்ல சார், ஒரே பொண்ணு."